புழுக்களுக்கு மின்விசிறி

பதினோராவது டப்பாவுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தபோது முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றுபோனது. மின்சாரம் போய்விட்டதாக்கும் என்று நினைத்தாள் டப்பாக்கா. நிமிர்ந்து பார்த்தால் விளக்கு எரிகிறது. ஸ்டூலின் மேல் இருந்த மேசை மின்விசிறியைத்தான் காணோம். அது இருந்த இடம் மட்டும் வட்டமாகச் சுத்தமாக இருந்தது, சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு.

கொல்லை வாசலில் அவள் கணவர் போய்க்கொண்டிருந்தார். மின்விசிறி இடுப்பில், வயர் தோளில்.

"என்னங்க, அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"புழுவுக்கு," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "அங்க சூடு தாங்கல."

டப்பாக்காவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. பத்தொன்பது வருடங்களாக, ஞாயிறு தவிர நாள் தவறாமல், பதினான்கு மதியச் சாப்பாட்டு டப்பாக்களைக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, நான்கு அலுவலகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததில் அந்தப் பெயர் தெருவுக்கு மறந்துபோய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. முதல் பெயர் சும்மா வந்தது. இது வேலை செய்து வாங்கிய பெயர்.

அவள் கணவரைத் தெருவில் எல்லோரும் சூப்பிரண்டு என்பார்கள். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, கடைசி ஆறு வருடம் சூப்பிரண்டாக இருந்து, எட்டு மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது அவருக்கல்ல, அந்த அலுவலகத்துக்குத்தான் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரமே, யாரை மேய்ப்பது என்று தெரியாமல் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியை மேய்த்துப் பார்த்தார். பருப்பு வெந்துவிட்டதா என்று மூன்று முறை விசாரித்தார். நான்காவது முறை அவள் கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த முயற்சி முடிந்தது.

அப்புறம்தான் புழுக்கள் வந்தன. கொல்லைப்புறத்தில் வெறும் மண்ணின் மேல் நான்கடிக்கு நான்கடி செங்கல் அடுக்கி, காய்கறித் தோலும் காய்ந்த இலையும் போட்டு, மக்கு உரக் குவியல் ஒன்று ஏற்படுத்தினார். புழு விற்கும் புழுக்காரம்மாவிடம் ஆயிரத்து ஐந்நூறு சிவப்பு மண்புழுக்கள் வாங்கி உள்ளே விட்டார். ஆயிரத்து ஐந்நூறு பேர். வாய் பேசாதவர்கள். விடுப்புக் கேட்க மாட்டார்கள், சங்கம் வைக்க மாட்டார்கள், இடமாற்றம் கேட்க மாட்டார்கள். சூப்பிரண்டுக்கு வாயெல்லாம் பல்.

வீட்டின் முன்னறையைக் காலி செய்து அலுவலகம் என்று பெயர் வைத்தார். வீட்டிலேயே குளுமையான அறை அது. வடக்குப் பார்த்த இரண்டு பெரிய ஜன்னல்கள், உயரமான கூரை, நடுவில் மின்விசிறி. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் அலமாரி, வழியனுப்பு விழாவில் கொடுத்த பித்தளை மேசைமணி, ஒரு தடித்த சிவப்புப் பதிவேடு. பதிவேட்டில் தேதி, நேரம், வெப்பநிலை, குறிப்பு என்று நான்கு பத்திகள். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று என்று மூன்று வேளையும் போய்க் குவியலின் வெப்பநிலை பார்த்து வந்து எழுதுவார். மற்ற நேரமெல்லாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எழுதியதைப் படிப்பார்.

வெப்பநிலை பார்க்க அவர் எடுத்துக்கொண்டது வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டர். அதில் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டு வரைதான் கோடு. மனிதனுக்கு அது போதும். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் அவனுக்குத் தெர்மாமீட்டர் தேவைப்படாது. புழுவின் கதை வேறு. முப்பத்தைந்தைத் தொட்டாலே புழு சாகிற இடம். அதாவது, அந்தக் கண்ணாடிக் குழாய் பேச ஆரம்பிக்கும்போது புழு பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும். இது சூப்பிரண்டுக்குத் தெரியாது. பாதரசம் கோட்டுக்கே வராத மாதங்களில் அவர் பதிவேட்டில் மூன்று வேளையும் "காய்ச்சல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கையை விட்டுப் பாருங்க சார், போதும்," என்று புழு கொடுத்த அன்றே புழுக்காரம்மா சொல்லியிருந்தாள். "உங்க கைக்குச் சுகமா இருந்தா அதுங்களுக்கும் சுகம். கை சுட்டா அதுங்களுக்கும் சுடும்." சூப்பிரண்டு சிரித்துக்கொண்டார். கை சொல்வதைப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது.

இனி சமையலறை. அது வீடு கட்டியபோது இருந்ததல்ல, பின்னால் ஒட்டவைத்தது. மேற்குப் பார்த்த சுவர், தலைக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் சிமெண்ட் தகடு, ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தது. காலை ஐந்திலிருந்து பதினொன்றரை வரை இரண்டு அடுப்புகள் எரியும். வெயில் காலத்தில் அங்கே நிற்பது என்றால் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்ட பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான். அந்த மேசை மின்விசிறி ஒன்றுதான் அவளை நிற்கவைத்துக்கொண்டிருந்தது. மின்விசிறி இல்லாமல் இந்தக் கோடையைத் தாண்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். நிற்க முடியாவிட்டால் பதினான்கு டப்பாவும் போய்விடும். அந்த டப்பாக்களைத் தவிர இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லை. பயமாகத்தான் இருந்தது அவளுக்கு.

எனவே அன்று டப்பாக்கள் போன கையோடு முன்னறைக்குப் போய் நின்றாள்.

"ஃபேனைக் கொடுத்துடுங்க. என்னால அங்க நிக்க முடியல."

சூப்பிரண்டு பேனாவை மூடினார். மூடியைத் திருகி முடிக்கும்வரை பேசவில்லை. அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தவர்களிடமும் அவர் அப்படித்தான்.

"நீ மனுஷி," என்றார். "உனக்கு வியர்க்கும். வியர்த்தா உடம்பு தானாக் குளிர்ந்துக்கும். புழுவுக்கு வியர்க்காது. அதுக்கு அந்த ஏற்பாடே இல்லை. யோசிச்சுப் பாரு, வியர்வைங்கிறது எவ்வளவு பெரிய வசதி."

"அப்ப உங்க தலைக்கு மேல சுத்துறது எதுக்கு?"

"இது அலுவலகம்."

டப்பாக்கா அவர் முகத்தையே பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று தேடினாள். கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவர் மனதாரச் சொன்னார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் புழுக்களுக்குக் கிடைத்த உபசாரத்தை ஒரு மருமகன் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பான். மின்விசிறி பகல் முழுக்கச் சுழன்றது. அவள் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த பனிக்கட்டியெல்லாம் தட்டோடு கொல்லைக்குப் போனது. வீட்டிலிருந்த ஒரே கறுப்புக் குடை, குவியலுக்குத் தலைமாட்டில் விரிந்து நின்றது. மின்விசிறிக் காற்றில் குவியலின் மேல்பாகம் வறட்டியாகக் காய்ந்தது. புழுவுக்கு மூக்கு கிடையாது, தோலால்தான் மூச்சு. தோல் ஈரமாக இருந்தால்தான் அந்த மூச்சும் ஓடும். அதைக் காயவைப்பது, மனிதனுக்கு மூக்கைப் பொத்திவிட்டு விசிறிவிடுவது மாதிரி. இதுவும் சூப்பிரண்டுக்குத் தெரியாது. தெரியாததெல்லாம் சேர்ந்துதான் அவருக்கு அப்படியொரு தன்னம்பிக்கையைக் கொடுத்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தோட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டு உரம் தயாரிப்பவர்களில் சிறந்த ஒருவருக்குச் சான்றிதழ் தருவதாகவும், சனிக்கிழமை காலை சங்கத் தலைவர் நேரில் வந்து பார்வையிடுவார் என்றும் இருந்தது. சூப்பிரண்டு அதை நான்கு முறை படித்துவிட்டு, மணியை ஒரு தட்டுத் தட்டினார். யாரும் வரவில்லை. எழுந்துபோய் மனைவியிடம் தானே சொன்னார்.

"ஆய்வு வருது."

ஆய்வு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. பழைய அலுவலகத்தில் மேலதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே அலமாரியிலிருந்து பழைய கோப்புகளையெல்லாம் இறக்கி, ஒவ்வொரு மேசையிலும் கழுத்தளவு அடுக்கிவிடுவார். காலி மேசையைப் பார்த்தால் வேலை நடக்கவில்லை என்று நினைப்பார்கள். நிரம்பிய மேசையைப் பார்த்தால் தலைக்குமேல் வேலை என்று நினைப்பார்கள். முப்பத்தோரு வருடமும் இது பலித்தது.

குவியலோ பாதிக்குத்தான் இருந்தது. புதன்கிழமை அவர் விளையாட்டு மைதானத்துக்குப் போய், அன்று காலை வெட்டிய பசும்புல்லை நான்கு சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு வந்தார். ஈரத்தோடு அதைக் குவியலில் கொட்டி, மேலே ஏறி நின்று மிதித்து, மறுபடியும் கொட்டி, மறுபடியும் மிதித்தார்.

"இவ்வளவு பச்சையாப் போட்டா அழுகாதா?" என்று சமையலறை வாசலிலிருந்து கேட்டாள் டப்பாக்கா. காய்கறித் தோலோடு பத்தொன்பது வருடம் பழகியவள்.

"விருந்து," என்றார் அவர், மிதித்துக்கொண்டே.

பசும்புல்லைக் குவித்து அமுக்கினால் அது உள்ளுக்குள்ளேயே வேக ஆரம்பித்துவிடும். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். வியாழக்கிழமை காலையில் குவியலிலிருந்து ஆவி வந்தது. ஆவியைப் பார்த்து சூப்பிரண்டு பூரித்துப்போனார். உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது என்று எடுத்துக்கொண்டார். தெர்மாமீட்டரைச் சொருகினார். நாற்பத்திரண்டு. பகலில் நாற்பத்திரண்டு. மூன்று மணிக்கும் நாற்பத்திரண்டு. குழாயில் அதற்குமேல் போக இடமில்லாமல் பாதரசம் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே அறுபதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அதில் முட்டையை வைத்திருந்தால் பாதி வெந்திருக்கும்.

பதிவேட்டின் குறிப்புப் பத்தியில், "வெப்பநிலை நிலையாக உள்ளது. ஏற்றமில்லை" என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டப்பாக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். மேடையும் சுட்டது. பன்னிரண்டு டப்பா மூடியாகிவிட்டது, இரண்டு பாக்கி. தரையில் உட்கார்ந்து, முட்டியில் தலையை வைத்து, நூறுவரை எண்ணினாள். பிறகு எழுந்து இரண்டையும் மூடி, ஆட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு முன்னறைக்குப் போனாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"அந்தத் தெர்மாமீட்டரைக் கொடுங்க. காய்ச்சல் மாதிரி இருக்கு."

"குவியல்ல இருக்கு," என்றார் அவர். மறுநாள் வாசிக்க வேண்டிய உரையை எழுதிக்கொண்டிருந்தார். "பன்னெண்டு மணிக்குத்தான் எடுக்கணும். நடுவுல எடுத்தா அளவு கெட்டுப்போகும். தொட்டுப் பாத்தாலே காய்ச்சல் தெரியுமே."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

டப்பாக்கா கொல்லைக்குப் போனாள். சமையலறையின் வடக்குச் சுவரை ஒட்டிப் பாத்திரம் கழுவும் கல் ஒன்று உண்டு. நாள் முழுக்க நிழல். காய் கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாம் அந்தக் கல்லைச் சுற்றித்தான் மண்ணில் இறங்கும். அங்கே குந்தி உட்கார்ந்து தலையில் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சூட்டுக்கு அழுதாளா, அவர் எழுந்து வராததற்கு அழுதாளா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கல்லின் ஓரத்தில் ஏதோ சிவப்பாக நெளிந்தது. முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லைப் புரட்டினாள். அடியில், ஈரமண்ணில், புழுக்கள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உள்ளங்கையளவு உருண்டை உருண்டையாக, பளபளவென்று, செழிப்பாக. பக்கத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் முட்டைகள் வேறு. குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தன.

அவள் செங்கல்லை மெதுவாக இருந்த மாதிரியே வைத்தாள். இதைச் சொல்லியாக வேண்டும் என்று ஈரத்தலையோடு மறுபடியும் முன்னறைக்குப் போனாள். என்ன இருந்தாலும் மனுஷர் நாளைக்கு நாலு பேர் முன்னால் நிற்கப் போகிறார்.

"என்னங்க, உங்க புழுவெல்லாம்..."

சூப்பிரண்டு தலையைத் தூக்காமல் ஒரு விரலைத் தூக்கினார். எழுதி முடிக்கும்வரை பொறு என்பதற்கு அவருடைய அடையாளம் அது. விரல் அப்படியே நின்றது. டப்பாக்கா அந்த விரலையும், அதற்குமேலே நிதானமாகச் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியையும் பார்த்தாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத் தலைவர் வந்தார். வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, எதைப் பார்த்தாலும் "பேஷ்" என்கிற பழக்கம். விஷயம் தெரிந்த ஆள் கூட இருக்கட்டும் என்று புழுக்காரம்மாவையும் அழைத்து வந்திருந்தார். சூப்பிரண்டு இஸ்திரி போட்ட கால்சட்டையும் மூடிய காலணியுமாகக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பதிவேட்டிலிருந்து வாசித்தார். எட்டு மாதம், எழுநூறுக்கு மேற்பட்ட அளவீடுகள், ஒரு நாளும் தவறியதில்லை. தலைவர் மூன்று இடத்தில் பேஷ் சொன்னார். புழுக்காரம்மாவோ ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெதுக்கு சார் ஃபேன்?"

"காற்றோட்டத்துக்கு."

"திறங்க பாப்போம்."

சூப்பிரண்டு மண்வெட்டியால் ஒரு பக்கத்தைப் பிளந்தார். குப்பென்று ஆவி எழுந்து தலைவரின் கண்ணாடியை மறைத்தது. உள்ளே புல் பழுப்பாக வெந்து கிடந்தது. இன்னும் ஆழமாக வெட்டினார். அந்தப் பக்கம் வெட்டினார். இந்தப் பக்கம் வெட்டினார். அடிமண்வரை போயும் ஒரு புழுகூட இல்லை. செத்த புழுவாவது இருந்திருந்தால் அனுதாபம் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை. சூப்பிரண்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்து மூணு மணிக்கு நாற்பத்திரண்டு," என்றார் பலவீனமாக. "நிலையா இருந்துச்சு."

புழுக்காரம்மா குவியலில் குத்தியிருந்த தெர்மாமீட்டரை உருவிப் பார்த்தாள். அது என்னவென்று புரிய அவளுக்கு இரண்டு நொடி பிடித்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த டப்பாக்காவுக்கும் சிரிப்பு முட்டியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா," என்று புழுக்காரம்மா இவளைப் பார்த்துக் கேட்டாள், "வீட்ல தண்ணி எங்க ஊத்துவீங்க?"

டப்பாக்கா கையைக் காட்டினாள். புழுக்காரம்மா நேராகக் கல்லுக்குப் போய்ச் செங்கல்லைப் புரட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தலைவர் வாய்தவறி பேஷ் என்றுவிட்டார்.

"முட்டையெல்லாம் வச்சிருக்கு. இதுங்க வர ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆயிருக்கும் சார். நீங்க ஃபேன் போட்ட அன்னிக்கே மூட்டை கட்டிருக்கும். புல்லைப் போட்டதும் மிச்சம் இருந்ததும் வந்துருச்சு."

ஒரு மாதமாகக் காலியாகிக்கொண்டிருந்த அலுவலகத்துக்குத்தான் சூப்பிரண்டு மூன்று வேளையும் வருகை எழுதியிருக்கிறார்.

"ஆனா," என்றார் அவர், நிஜமாகவே மனம் நொந்து, "எந்த அறிகுறியும் காட்டலையே. எனக்கு ஒண்ணும் தெரியப்படுத்தலையே."

"புழுவுக்குக் கண்ணு கிடையாது, காது கிடையாது, வாய் விட்டுச் சொல்லவும் தெரியாது," என்றாள் புழுக்காரம்மா, செங்கல்லை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே. "சூடு தாங்கலைன்னா அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். குளுமை எங்க இருக்கோ அங்க நகர்ந்துடும். யாருகிட்டயும் கேக்காது."

டப்பாக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டப்பா கிடையாது. சூப்பிரண்டு இரவோடு இரவாகத் தயாரித்த நான்கு பக்க விளக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே தலைவர் வீட்டுக்குப் போனார். தலைவர் குளிக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று அங்கே அவரைப் பன்னிரண்டரை வரை வாசலில் உட்காரவைத்துவிட்டு, கடிதத்தை வாங்கிவைத்துக்கொண்டு அனுப்பினார்கள். வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, அலுவலகக் கதவைத் தள்ளினார்.

மேசைமேல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வடக்கு ஜன்னலை ஒட்டி மேசையைத் திருப்பிப் போட்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் நெருப்பு அலையாமலிருக்க ஒரு தகரத் தடுப்பு. சிலிண்டர் மேசைக்கடியில். பதிவேடு இருந்த அலமாரியில் பதினான்கு டப்பாக்கள் இரண்டு வரிசையாக. பித்தளை மணி, உப்புச் சாடிக்குப் பக்கத்தில். ஆட்டோக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சாமான் தூக்கிக் கொடுத்த களைப்பு. சூப்பிரண்டைப் பார்த்ததும் செம்பை வைத்துவிட்டு, "அப்ப நான் வரேன்க்கா," என்று நழுவினார்.

"இது என் அலுவலகம்," என்றார் சூப்பிரண்டு.

"அலுவலகம் அங்க இருக்கு," என்று கரண்டியால் பின்பக்கத்தைக் காட்டினாள் டப்பாக்கா. "பதிவேடு, பேனா எல்லாம் எடுத்து வச்சிட்டேன். ஸ்டூல் போட்டிருக்கேன். ஒண்ணும் விட்டுப்போகல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவள் அடுப்பைத் தணித்தாள். மூடியைப் போட்டாள். அதெல்லாம் முடிகிறவரை பேசவில்லை.

"மூணு தடவ வந்து சொன்னேன்," என்றாள். "நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க."

சூப்பிரண்டு நின்று பார்த்தார். சத்தம் போடலாமா என்று யோசித்தார். ஆனால் நேற்றுக் கொல்லையில் நடந்ததைத் தெரு முழுக்கக் கேட்டிருந்தது. இன்றும் கேட்க வேண்டாம் என்று பட்டது. விறைப்பாகச் சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மூன்று மணிவரை தாக்குப்பிடித்தார். அடுப்பு இல்லை, கொதிக்கிற பாத்திரம் இல்லை, அந்தச் சிமெண்ட் தகடு மட்டும்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியிலிருந்து சொட்டிய வியர்வையில் பதிவேட்டின் எழுத்து கரைந்தது. மூன்று அடித்ததும் பழக்கதோஷத்தில் கழுவி வைத்திருந்த தெர்மாமீட்டரை உதறி, சும்மா காற்றில் பிடித்தார். பாதரசம் கோட்டைத் தொட்டது, தாண்டியது, முப்பத்தொன்பதில் போய் நின்றது. எழுத வேண்டிய பத்தியில் பேனா நின்றுவிட்டது. இந்த அறையில் அடுப்பு வேறு எரிந்தால் எவ்வளவு என்று முதன்முறையாக ஒரு கணக்கு அவர் தலைக்குள் ஓடியது. அதை அவர் எழுதவில்லை.

"இந்தா," என்று குரல் கொடுத்தார். "அந்த மேசை ஃபேனை மட்டும் இங்க கொண்டாந்து வையேன்."

பதில் முன்னறையிலிருந்து, அவசரமில்லாமல் வந்தது.

"உங்களுக்கு வியர்க்குதுல்ல?"

"ஊத்துது."

"அப்புறம் என்ன. அது எவ்வளவு பெரிய வசதி."

திங்கட்கிழமை சூப்பிரண்டு ஸ்டூலைச் சமையலறை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அது நடைக்கு வந்திருந்தது. புதன்கிழமை காலையில் பதினான்கு டப்பாக்களும் வாய் திறந்து காத்திருக்க, டப்பாக்கா ஜன்னல் காற்றில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தாளித்துக்கொண்டிருந்தாள். பின்னால் சத்தம் கேட்டது. ஸ்டூல் முன்னறை நிலைப்படியைத் தாண்டி ஒரு கால் உள்ளே வைத்திருந்தது. அதன்மேல் அவர், கையில் பதிவேடு இல்லாமல், ஒரு காய்நறுக்கும் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக் காற்று அவர் நெற்றிவரை எட்டியது.

டப்பாக்கா திரும்பிப் பார்த்தாள். வெங்காயக் கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"பொடியா நறுக்குங்க," என்றாள். "பதினொண்ணரைக்கு ஆட்டோ வந்துடும்."